கன்ட்ரோலை மாற்றினால் கன்வர்ட்டரின் எஃபிஷியன்சி கூடுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் சிங்க்ரனஸ் பக் கன்வர்ட்டர் (மேல், கீழ் என இரண்டு மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள் மாறி மாறி ஆன் ஆகி வோல்ட்டேஜை இறக்கும் சர்க்யூட்) ஒன்றை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காகச் செய்திருக்கிறீர்கள். ஸ்விட்சிங் அதிர்வெண் 200 கிலோஹெர்ட்ஸ், 15 மைக்ரோஹென்றி இண்டக்டர், மைக்ரோகன்ட்ரோலரில் சாதாரண பிஐ லூப் (அவுட்புட்டின் பிழையையும் அதன் கூட்டுத்தொகையையும் பார்த்துத் திருத்தும் கணக்கு). முழு லோடான 10 ஆம்பியரில் எஃபிஷியன்சி 94 சதவீதம் வருகிறது. அரை ஆம்பியரில் 60தான் வருகிறது. ஃபஸி (விதிகளை வைத்து முடிவெடுப்பது), ஸ்லைடிங் மோடு (குறித்த பாதையை விட்டு விலகாதபடி ஸ்விட்ச் செய்வது), எம்பிசி (மாடலை வைத்து முன்கூட்டியே கணக்கிடுவது) ஆகிய மூன்று கன்ட்ரோல் முறைகளில் எதைப் போட்டால் எஃபிஷியன்சி அதிகம் கூடும் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். ஹார்டுவேரைத் தொடாமல் கன்ட்ரோலை மட்டும் மாற்றி இழப்பைக் குறைக்க முடியுமா, முடியுமென்றால் எந்த இடத்தில் முடியும் என்பதுதான் அது. பதினெட்டு வருடமாக எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை), சார்ஜர், இன்வெர்ட்டர் டிசைன் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே எடுத்துக்கொண்டால், மூன்றில் எதைப் போட்டாலும் அந்த இரண்டு எண்களும் அசையாது. 48-ஐ 12 ஆக்க டூட்டி, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் மேல் மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு, ஏறத்தாழ 0.25 இருக்க வேண்டும், இழப்பை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாக. லோடு மாறாமல் நிற்கும்போது பிஐ போய்ச் சேருவதும் அந்த டூட்டிக்குத்தான், ஃபஸி போய்ச் சேருவதும் அங்கேதான். மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் முனையான கேட்டுக்கு வருவது ஒரு பல்ஸ், அவ்வளவுதான். அந்தப் பல்ஸின் அகலத்தை எந்தக் கணக்கு முடிவு செய்தது என்பது அதற்குத் தெரியாது. அதே அகலம், அதே அதிர்வெண், அதே மின்னோட்டம் என்றால் சூடும் அதேதான். லோடு திடீரென ஏறும்போது 12 வோல்ட் எவ்வளவு குழிகிறது, எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்பதில் இந்த மூன்றும் பிஐயிலிருந்து வேறுபடும். அது மதிப்புள்ள வேலைதான், ஆனால் எஃபிஷியன்சி வேலை இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஹிஸ்டரிசிஸ் (ஆன், ஆஃப் எல்லைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி) வைத்துச் செய்யும் ஸ்லைடிங் மோடிலும், நேரடியாக ஸ்விட்ச் நிலையைத் தேர்ந்தெடுக்கும் வகை எம்பிசியிலும் ஸ்விட்சிங் அதிர்வெண் நிலையாக இருக்காது. சராசரி அதிர்வெண் 200-லிருந்து 120 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தால் எஃபிஷியன்சி கூடியதாகத் தெரியலாம். அந்த லாபம் அதிர்வெண் இறங்கியதால் வந்தது. பிஐயையும் 120-ல் ஓட்டினால் ஏறத்தாழ அதே எண் கிடைக்கும். இப்படி ஒப்பிடும் எந்தக் கட்டுரையைப் படித்தாலும், இரண்டு பக்கமும் அதிர்வெண் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கேட்டுக்குப் பல்ஸ் கொடுக்கும் கேட் டிரைவருக்கும் கன்ட்ரோலருக்கும் போகும் பவர் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தனி பெஞ்ச் சப்ளையில் கொடுத்துவிட்டு மறந்துபோவது சகஜம். சிமுலேஷன் மட்டும் என்றால், ஸ்விட்ச் ஆன் ஆகவும் ஆஃப் ஆகவும் எடுக்கும் நேரம் அந்த மாடலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஸ்விட்சிங் இழப்பே அங்கே கிடையாது, குறைப்பதற்கும் ஒன்றுமில்லை.

அளவீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. எஃபிஷியன்சிக்கு நான்கு அளவுகள் வேண்டும்: இரண்டு வோல்ட்டேஜ், இரண்டு கரன்ட். ஒவ்வொரு மீட்டரிலும் 1 சதவீதப் பிழை இருந்தால் விடையில் சாதாரணமாகவே 2 சதவீதம், மோசமான நாளில் 4 சதவீதம் வரை பிசகும். 91 இருந்தது 93 ஆனது என்று அப்படிப்பட்ட மீட்டர்களை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. வோல்ட்டேஜை எங்கே தொட்டு அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வயரில் 10 மில்லி ஓம் இருந்தால் 10 ஆம்பியரில் 0.1 வோல்ட் விழும். 12 வோல்ட்டில் அது 0.8 சதவீதத்துக்கும் மேல். போர்டின் டெர்மினலிலேயே தனி வயர் பிடித்து அளவெடுங்கள். எல்லாவற்றையும் சதவீதத்தில் யோசிக்காமல் இழப்பை வாட்டில் எழுதிப் பழகுங்கள். 94-லிருந்து 96 என்றால் வெறும் 2 என்று தோன்றும். ஆனால் 120 வாட்டில் இழப்பு 7.7-லிருந்து 5 வாட்டாகிறது, சூடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். அரை ஆம்பியரில் வெளியே போவது 6 வாட். 60 சதவீதம் என்றால் இழப்பு 4 வாட். 10 ஆம்பியரில் இழப்பு 7.7 வாட். லோடே இல்லாத மாதிரியான நிலையில் 4 வாட் போகிறது, இருபது மடங்கு லோடு ஏற்றினால் அதற்கு மேல் 3.7 வாட்தான் கூடுகிறது. ஆக, இந்த போர்டின் பிரச்சினை நிலையான இழப்பு. லோடோடு ஏறும் அந்த 3.7 வாட்டில் பெரும்பங்கு மாஸ்ஃபெட், இண்டக்டர், போர்டு இவற்றின் ரெசிஸ்டன்ஸ். அது மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். மொத்தம் 25 மில்லி ஓம் என்று வைத்தால் 10 ஆம்பியரில் 2.5 வாட். நிலையான இழப்பும் வர்க்க இழப்பும் சமமாகும் இடத்தில்தான் எந்தக் கன்வர்ட்டருக்கும் எஃபிஷியன்சி உச்சம் தொடும். உங்களுக்கு அந்த இடம் 12.6 ஆம்பியரில் வருகிறது. 10 ஆம்பியர் கன்வர்ட்டரின் உச்சம் அது ஒருபோதும் போகாத இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 4 வாட் எங்கே போகிறது? போர்டைப் பார்க்காமல் நான் சொல்வது ஒரு மதிப்பீடுதான், ஸ்கோப்பும் தெர்மல் கேமராவும் வைத்து நீங்கள் உறுதி செய்ய வேண்டும். நான் முதலில் சந்தேகப்படுவது கேட் டிரைவரின் சப்ளையை. 48 வோல்ட்டிலிருந்து லீனியர் ரெகுலேட்டர் (கூடுதல் வோல்ட்டேஜைச் சூடாகவே கழித்துவிடும் பாகம்) வழியாக எடுத்திருப்பீர்கள், பெரும்பாலும் எல்லோரும் முதல் போர்டில் அப்படித்தான் எடுப்பார்கள். இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் கேட் சார்ஜ் தலா 60 நானோ கூலும் என்றால் 200 கிலோஹெர்ட்ஸில் 24 மில்லி ஆம்பியர். கன்ட்ரோலருக்கும் மற்றவற்றுக்கும் 16 வைத்தால் மொத்தம் 40. அந்த 40 மில்லி ஆம்பியரை 48 வோல்ட்டிலிருந்து இழுத்தால் 1.9 வாட்! உங்கள் 4 வாட்டில் கிட்டத்தட்டப் பாதி. கன்வர்ட்டர் ஓடத் தொடங்கியதும் ஒரு டையோடு போட்டு இந்த சப்ளையை 12 வோல்ட் அவுட்புட்டுக்கே மாற்றிவிட்டால் அது ஏறத்தாழ அரை வாட்டாகும். இது கன்ட்ரோல் இல்லை, சில ரூபாய் பாகம். ஆனாலும் முதலில் இதைச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் எந்த அல்காரிதம் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அதற்கு அப்புறம்தான் கன்ட்ரோலின் முறை வருகிறது. டூட்டி எவ்வளவு என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. எத்தனை முறை ஸ்விட்ச் செய்வது, எந்த நொடியில் செய்வது, இப்போது செய்யத்தான் வேண்டுமா என்ற மூன்று கேள்விகளில்தான் இழப்பைக் குறைக்க இடமிருக்கிறது.

லோடு குறைவாக இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் இண்டக்டரில் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமான ரிப்பிள் 3 ஆம்பியர், உச்சத்திலிருந்து பள்ளம் வரை. லோடு 1.5 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் மின்னோட்டம் பின்னோக்கி ஓடும். கீழ் மாஸ்ஃபெட் ஆனில் இருப்பதால் அவுட்புட் கெப்பாசிட்டரிலிருந்து எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. மின்னோட்டம் சுழியைத் தொட்டதும் கீழ் மாஸ்ஃபெட்டை அணைத்துவிடுவது முதல் உத்தி. டையோடு எமுலேஷன் என்பார்கள். இதை எல்லாப் புத்தகமும் சொல்லும், ஆனால் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பின்னோக்கி ஓடுவதால் வரும் ரெசிஸ்டன்ஸ் இழப்பு அற்பம். 3 ஆம்பியர் ரிப்பிளின் ஆர்எம்எஸ் (சூட்டைத் தீர்மானிக்கும் சராசரி) 0.87 ஆம்பியர், 25 மில்லி ஓமில் அது 20 மில்லி வாட்டைக்கூடத் தாண்டாது. பின்னோக்கி ஓடும் மின்னோட்டத்தால் ஒரு நன்மையும் உண்டு: மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகும் முன் ஸ்விட்ச் நோடை (இரண்டு மாஸ்ஃபெட்டும் இண்டக்டரும் சேரும் இடம்) அதுவே மேலே தூக்கிவிடும், மாஸ்ஃபெட்டின் மேல் வோல்ட்டேஜ் குறைந்த பிறகு ஆன் ஆகும் சாஃப்ட் ஸ்விட்சிங் கிடைக்கும். டையோடு எமுலேஷன் அதைப் பறித்துவிடுகிறது. அது தரும் உண்மையான லாபம் வேறு. அரை ஆம்பியரில் மின்னோட்டத்தின் வீச்சு 3 ஆம்பியரிலிருந்து 1.7-க்கு இறங்குவதால் கோர் இழப்பு, அதாவது இண்டக்டரின் காந்தக் கோரில் ஆகும் இழப்பு, நன்றாகக் குறைகிறது. அதைவிட முக்கியம், இனி பல்ஸ்களைத் தவிர்க்க வழி பிறக்கிறது.

அதிர்வெண்ணை வெறுமனே பாதியாக்கினால் போதாதா என்று தோன்றும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். கேட் டிரைவ் இழப்பும் ஸ்விட்சிங் இழப்பும் பாதியாகும், உண்மை. ஆனால் ரிப்பிள் இரட்டிப்பாகும், அதோடு கோரின் காந்தப் பாயமான ஃப்ளக்ஸின் வீச்சும். ஃபெரைட் கோரில் இழப்பு ஃப்ளக்ஸ் வீச்சின் ஏறத்தாழ இரண்டரை அடுக்கில் ஏறுகிறது. அதிர்வெண்ணோடு ஒன்றரை அடுக்குக்குள்தான் இறங்குகிறது. கணக்குப் போட்டால் கோர் இழப்பு இரண்டு மடங்காகும். ஒரு பக்கம் மிச்சம் பிடித்ததை மறுபக்கம் கொடுத்துவிடுவீர்கள். அதனால் அதிர்வெண்ணைக் குறைப்பதைவிட, ஒவ்வொரு பல்ஸின் அளவையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு பல்ஸ்களின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. அப்போது ஒவ்வொரு பல்ஸுக்கும் ஆகும் இழப்பு மாறாது, பல்ஸ் குறையும் அளவுக்கு மொத்த இழப்பும் குறையும்.

இதன் முழு வடிவம்தான் பர்ஸ்ட் மோடு. கன்வர்ட்டரை அதற்குச் சௌகரியமான லோடில், உங்களுக்கு 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம், சிறிது நேரம் ஓட்டிவிட்டு முழுதாகத் தூங்க வைப்பது. லீனியர் ரெகுலேட்டரைச் சரிசெய்த பிறகு 4 ஆம்பியரில் இழப்பு 3.5 வாட் அளவில் இருக்கும். அரை ஆம்பியர் லோடுக்கு எட்டில் ஒரு பங்கு நேரம் ஓடினால் போதும், சராசரி 0.45 வாட். தூங்கும்போது கன்ட்ரோலருக்கு 0.2 வாட் என்று சேர்த்தாலும் 6 வாட் அவுட்புட்டுக்கு 90 சதவீதம் வருகிறது. இது காகிதக் கணக்கு. தொடங்கி நிறுத்துவதிலும் கொஞ்சம் போகும், மேசையில் 85 வந்தாலே எனக்கு மகிழ்ச்சி. 60-லிருந்து 85 என்பதை எந்த மீட்டரும் மறைக்க முடியாது.

இதற்கு விலை உண்டு. அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட் இருந்து, 120 மில்லி வோல்ட் ரிப்பிளை அனுமதித்தால், தூங்கும் நேரம் 113 மைக்ரோசெகண்ட், ஓடும் நேரம் 16. இரண்டும் சேர்ந்தால் 7.7 கிலோஹெர்ட்ஸ், காதுக்கு நன்றாகக் கேட்கும் இடம். செராமிக் கெப்பாசிட்டர் போர்டோடு சேர்ந்து கீச்சிடும், இண்டக்டரும் பாடும். எங்கள் சார்ஜர் ஒன்றில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். சோதனைக்கூடத்தில் ஃபேன் சத்தத்தில் தெரியவில்லை. வாடிக்கையாளர் அதை இரவில் படுக்கையறையில் வைத்துவிட்டுத் தூக்கம் கெட்டுத் திருப்பி அனுப்பியபோதுதான் புரிந்தது. ரிப்பிளை 45 மில்லி வோல்ட்டுக்கு இறுக்கினால் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகலாம், ஆனால் அப்போது ஒரு தூக்கத்துக்கு ஒரே ஒரு பல்ஸ்தான் மிஞ்சும். லோடு இன்னும் குறைந்தால் மறுபடியும் கேட்கும் எல்லைக்குள் வந்துவிடும். நாங்கள் கடைசியில் பர்ஸ்டின் உச்ச மின்னோட்டத்தைக் குறைத்து சத்தத்தை அடக்கினோம், எஃபிஷியன்சியில் 2 சதவீதத்தை விட்டுக்கொடுத்தோம். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அடுத்து முழு லோடு பக்கம். அங்கே கன்ட்ரோலால் ஆவது குறைவு, அதிலும் டெட் டைம்தான் உங்கள் கைக்கு எட்டுவது. மேல், கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் அணைந்திருக்கும் அந்த இடைவெளியில் மின்னோட்டம் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டையோடு வழியாக ஓடுகிறது, 0.8 வோல்ட் விழுகிறது. ஒரு சுற்றில் வரும் இரண்டு இடைவெளிக்கும் தலா 100 நானோசெகண்ட் வைத்திருந்தால் 10 ஆம்பியரில் 0.32 வாட். 30-க்கு இறக்கினால் 0.1 வாட். லாபம் முழு லோடில் 0.2 சதவீதம்கூட இல்லை. சிலிக்கனில் இது சின்ன விஷயம். காலியம் நைட்ரைடு ஸ்விட்ச் போட்டால் அதே இடைவெளியில் 2 வோல்ட்டோ அதற்கு மேலோ விழும், அதிர்வெண்ணும் பல மடங்கு இருக்கும், அப்போது இது பெரிய விஷயமாகிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு யோசனை உண்டு. 2006-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வாஹித் யூசெஃப்சாதேயும் டிராகன் மாக்சிமோவிச்சும் வெளியிட்டது. வோல்ட்டேஜ் லூப் அவுட்புட்டைப் பிடித்து வைத்திருக்கும்போது, இழப்பு கூடினால் டூட்டி கூடும், குறைந்தால் குறையும். அப்படியென்றால் டெட் டைமைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, டூட்டி எங்கே மிகக் குறைவாகிறதோ அங்கே நிறுத்தினால் போதும். கரன்ட் சென்சார் வேண்டாம், பவர் மீட்டர் வேண்டாம், உங்கள் மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓர் எண்ணே இழப்பைக் காட்டிவிடுகிறது. டெட் டைமை அதிகம் சுருக்கினால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒன்றாக ஆன் ஆகிப் புகைந்துவிடும் என்பதால் கீழ் எல்லை ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஸ் (லோடைப் பகிர்ந்து இணையாக ஓடும் கன்வர்ட்டர் பகுதி) இருந்தால் இன்னொரு வழி திறக்கும்: லோடு குறையும்போது ஒரு ஃபேஸை முழுதாக அணைப்பது. கம்ப்யூட்டர் மதர்போர்டில் ப்ராசசருக்குப் பவர் கொடுக்கும் பகுதி இதைத்தான் செய்கிறது. டெலிகாம் டவர்களில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஷெல்ஃபிலும், பல மாட்யூல் இருந்தால் தேவையற்றதைத் தூங்க வைப்பது வழக்கம். அணைக்கும் எல்லையும் மறுபடி எழுப்பும் எல்லையும் ஒன்றாக இருந்தால் அது அங்கேயே தத்தளிக்கும், இடைவெளி விடுங்கள்.

எம்பிசியைப் பற்றி நான் குறைத்துப் பேசியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுத்தர மின்னழுத்த மோட்டார் டிரைவ்களில், ஸ்விட்சிங் சில நூறு ஹெர்ட்ஸ் மட்டுமே இருக்கும் இடத்தில், ஒவ்வொரு ஸ்விட்சிங்கும் விலை உயர்ந்தது. அங்கே அடுத்த சில அடிகளை முன்கூட்டியே கணக்கிட்டு, ஸ்விட்சிங் எண்ணிக்கையையே செலவாக வைத்து முடிவெடுக்கும் எம்பிசி உண்மையாகவே இழப்பைக் குறைக்கிறது. மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டரில் அதைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. மூன்று ஃபேஸிலும் ஒரே வோல்ட்டேஜைச் சேர்த்தால் லைன் வோல்ட்டேஜில் அது அடிபட்டுப் போகும். அந்த உரிமையைப் பயன்படுத்தி ஒவ்வொரு ஃபேஸையும் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஸ்விட்ச் செய்யாமல் பிடித்து வைக்கலாம். அந்த ஃபேஸின் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பிடித்தால் லாபம் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டும். குறைந்த வேகத்தில் ரிப்பிள் கூடி மோட்டாரில் சூடு ஏறும் என்பதால் அங்கே மட்டும் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார்கள்.

எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு: ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃபிஷியன்சியை அளந்து, அதிர்வெண்ணையும் டெட் டைமையும் தானாகத் தேடிப் பிடிக்கும் முறைகள். கொள்கை சரிதான். ஆனால் விலை குறைந்த சென்சார்களின் பிழைக்குள் அந்த லாபம் மூழ்கிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெஞ்சில் ஒருமுறை பொறுமையாக அளந்து, லோடுக்கு ஏற்ற அமைப்பை ஓர் அட்டவணையாக மைக்ரோகன்ட்ரோலரில் எழுதி வைத்தால், என் கையில் வந்த போர்டுகளில் அதுவே போதுமானதாக இருந்தது. வெப்பநிலையும் இன்புட்டும் மிக அகலமாக மாறும் இடங்களில் தேடும் முறை ஜெயிக்கலாம்.

உங்கள் கைடிடம் பேசும்போது, ப்ராஜெக்ட்டின் பெயரை ‘குறைந்த லோடில் இழப்பைக் குறைக்கும் பல்வழி கன்ட்ரோல்’ என்கிற மாதிரி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். 1.5 ஆம்பியருக்கு மேல் இப்போதிருக்கும் பிஐ, அதற்குக் கீழே டையோடு எமுலேஷன், 1-க்குக் கீழே பர்ஸ்ட், கூடவே டூட்டியைப் பார்த்து டெட் டைமைத் திருத்துவது. இவ்வளவும் உங்கள் போர்டிலேயே, அந்த ஒரு டையோடைத் தவிர வேறு பாகம் சேர்க்காமல் முடியும். சுழி மின்னோட்டத்தைப் பிடிக்க மட்டும் மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளேயே ஒரு வேகமான கம்பேரேட்டர் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் சர்க்யூட்) இருக்கிறதா என்று பாருங்கள். ஏடிசியில் (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் பகுதி) படித்து முடிவெடுத்தால் தாமதமாகிவிடும். முதல் முறை ஓட்டும்போது பெஞ்ச் சப்ளையில் கரன்ட் லிமிட்டை அரை ஆம்பியருக்கு இறக்கி வைத்து, 48-க்குப் பதில் 20 வோல்ட்டில் தொடங்குங்கள்.